ஹௌத்: ஒரு குலமும் அதன் மேய்ச்சல் நிலமும்

மார்கரெட் லாரன்ஸ் கனடாவின் பெயர்பெற்ற நாவலாசிரியை. நாவல்கள் எழுதப் புகுவதற்கு முன், 1950களின் தொடக்கத்தில், தம் கணவருடன் பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தார். கணவர் பொறியாளர். ஹௌத் எனப்படும் வறண்ட சமவெளியில் மழைநீரைத் தேக்கிவைக்கும் குளங்களை வெட்டுவது அவருக்கு இடப்பட்ட பணி. கணவர் குளம் வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கவிதைகளைத் திரட்டினார். மூசா கலால் என்ற சோமாலி அறிஞரும் அந்திரெயெவ்ஸ்கி என்ற போலந்து மொழியியலாளரும் அவருக்குத் துணை நின்றார்கள். அத்தொகுப்பு ‘எ ட்ரீ ஃபார் பாவர்ட்டி’ என்ற பெயரில் 1954இல் நைரோபியில் அச்சாயிற்று. சோமாலிக் கவிதையும் கதையும் ஆங்கிலத்தில் நூல் வடிவம் பெற்றதில் இதுவே முதலாவது என்பர். அச்சிட உதவியது காப்பரசு நிர்வாகம்.

அதே 1954ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று இலண்டனில் இன்னொரு தாளில் கையொப்பம் விழுந்தது. பிரிட்டிஷ் இராணுவத்தின் ஆளுகையில் அதுவரை இருந்துவந்த ஹௌத்தின் தென்பகுதியை எத்தியோப்பியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை அது. அந்நிலத்தில் ஆண்டின் பாதிக்காலம் ஒட்டகம் மேய்த்தவர்களுக்கு இது தெரிவிக்கப்பட்டது 1955 ஜனவரியில்தான். ஒரு மக்களின் பாட்டைத் தொகுத்து அச்சிட்ட அரசு, அதே ஆண்டில் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தைக் கைமாற்றியது.

அந்த மேய்ப்பர்களில் பெரும்பகுதியினர் இசாக் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவர்கள். நிலத்தைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்தும் வரைபடத்தின் கோடும் மோதிய கதை நூறாண்டுக்கும் மேலாக நீள்கிறது. அந்தக் கோட்டை எதிர்த்து எழுந்த குலம், இறுதியில் அதே கோட்டைத் தன் நாட்டின் எல்லையாகக் காக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் இதில் என்னைப் பல நாள் யோசிக்க வைத்த செய்தி.

*

சோமாலியரிடையே தாரோத், ஹவியே, தீர், இசாக், ரஹன்வெய்ன் எனப் பெருங்குலங்கள் உள்ளன. இசாக் குலத்தார் தம்மை ஷேக் இசாக் பின் அஹ்மத் என்ற அரபு நாட்டுப் பெரியவரின் வழித்தோன்றல்கள் என்கிறார்கள். அவர் கடல் கடந்து வந்து ஏடன் வளைகுடாக் கரையில் மைத் என்ற சிற்றூரில் தங்கினார், அங்கேயே அடங்கினார் என்பது மரபு. அவருடைய கல்லறை இன்றும் மைத்தில் வழிபாட்டுக்குரிய இடமாக இருக்கிறது. அரபு மூதாதை என்பதை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. இசாக்குகள் தீர் குலத்தின் ஒரு கிளையே என்று கருதுவோரும் உண்டு. இசாக்குகளில் பெரும்பாலோர் இதை ஒப்புவதில்லை.

ஷேக் இசாக்குக்கு மனைவியர் இருவர். ஒருவர் தீர் குலத்தின் மகாத்லே கிளைப் பெண். மற்றவர் அபிசீனியப் பெண் என்பர். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வழியே கிளைகள் பிரிந்தன. ஹபர் அவல், ஹபர் யூனிஸ், ஐதகல்லே, அரப், ஹபர் ஜெலோ ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ‘ஹபர்’ என்ற சொல்லுக்குச் சோமாலி மொழியில் முதுபெண், தாய் என்று பொருள். தந்தைவழியை மட்டுமே எண்ணும் ஒரு சமூகத்தில் கிளைகளின் பெயர் தாயைச் சுட்டித் தொடங்குவது வேடிக்கைதான். தகப்பன் ஒருவனாக இருக்கும்போது பிள்ளைகளைப் பிரித்தறிய வேறு வழி இல்லை.

சிறுவர் சிறுமியருக்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மேல்நோக்கிப் பெயர்களை மனப்பாடம் செய்விப்பது அங்கே பால் குடிப்பது போன்ற இயல்பான காரியம். சோமாலியர் இதை ‘அப்திர்சி’ என்பர். தந்தையரை எண்ணுதல் என்று பொருள். 1950களின் நடுவில் அங்கே களப்பணி செய்த மானுடவியலாளர் ஐ. எம். லூயிஸ், ஐரோப்பியனுக்கு வீட்டு முகவரி எதுவோ சோமாலிக்குக் கொடிவழி அதுவே என்ற கருத்தில் எழுதினார். அவருடைய ‘எ பாஸ்டரல் டெமாக்ரசி’ 1961இல் வெளிவந்தது. இத்துறையில் இன்றளவும் அடிப்படை நூல் அது. வழியில் சந்திக்கும் இருவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே மேலே போனால், எந்தப் பாட்டனிடத்தில் இருவரும் கூடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதைக் கொண்டே நட்பும் பகையும் கடனும் கணக்கிடப்படும். ஒருவன் கொலையுண்டால் அவன் கிளைக்குக் கொன்றவன் கிளை கூட்டாக உயிரீடு தரவேண்டும். ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்பது வழக்கமான கணக்கு. ‘மக்’ எனப்படும் இந்த ஈட்டைச் சேர்ந்து செலுத்தும் குழுவே ஒருவனுக்கு உண்மையான அரசு. அக்குழுவின் ஒப்பந்தச் சட்டத்துக்கு ‘ஹேர்’ என்று பெயர்.

கொடிவழி எவ்வளவு தூரம் அரசியலாகும் என்பதற்கு ஒரு கிளைக்கதை. கென்யாவில் குடியேறிய இசாக்குகள், பிரிட்டிஷ் ஆட்சி தங்களை ஆப்பிரிக்கப் பழங்குடிகளோடு சேர்த்து எண்ணுவதை எதிர்த்தார்கள். எங்கள் மூதாதை அரபு நாட்டவர், ஆகவே இந்தியரைப் போல நாங்களும் ஆசியரே என்பது அவர்கள் வாதம். 1930களின் பிற்பகுதியில் வந்த தலைவரிச் சட்டம் ஆசியருக்குக் கூடுதல் வரியும் சோமாலியருக்குக் குறைந்த வரியும் விதித்தபோது, குறைந்த வரியைக் கட்ட மறுத்துக் கூடுதல் வரியைக் கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். வரியைக் கூட்டச் சொல்லிப் போராடிய மக்களை வரலாற்றில் அதிகம் காண முடியாது. ஆசியர் என்ற வகை கையில் வந்தால் குடியிருப்பு, நடமாட்டம், சட்டம் அனைத்திலும் நிலை உயரும் என்பது அவர்கள் கணக்கு.

*

இனி நிலம். ஏடன் வளைகுடாக் கரையை ஒட்டிய வெப்பச் சமவெளி குபன். அச்சொல்லுக்கே ‘எரிந்தது’ என்று பொருள். அதற்குத் தெற்கே கோலிஸ் மலைத்தொடர் எழுகிறது. மலையின் மேல் ஓகோ என்னும் மேட்டுநிலம்; நிலையான கிணறுகள் இருப்பது இங்கேதான். ஹர்கெய்சா, ஓத்வெய்னே, புராவோ ஆகிய ஊர்களெல்லாம் கிணற்றைச் சுற்றியோ வற்றிய ஆற்றுப்படுகையைச் சுற்றியோ வளர்ந்தவை. ஓகோவுக்கும் தெற்கே செம்மண்ணும் கருவேல இன முள்மரங்களும் கறையான் புற்றுகளுமாக விரிவது ஹௌத். மழை பெய்தால் அது புல் செழிக்கும் நிலம். ஆனால் நிலையான கிணறு கிடையாது.

ஏப்ரல் வாக்கில் தொடங்கும் ‘கூ’ மழைக்குப் பிறகு மந்தைகள் ஹௌத்துக்குள் இறங்கும். பச்சை மேய்ச்சல் இருக்கும்வரை ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீரின்றித் தாங்கும். இளைஞர்கள் ஒட்டகங்களோடு வெகுதூரம் போவார்கள். பாலே அவர்களுக்கு உணவும் நீரும். ஆடுகளுக்கு அந்த வலிமை இல்லாததால் பெண்களும் குழந்தைகளும் ஆட்டு மந்தையோடு கிணற்றுக்கு எட்டும் தூரத்தில் தங்குவர். கோடையைக் கடந்து ‘தயர்’ என்னும் பின்மழை சிறிது பெய்யும். டிசம்பருக்குப் பின் ‘ஜிலால்’. ஆண்டின் மிகக் கொடிய பருவம். அப்போது எல்லோரும் வடக்கே தத்தம் கிணறுகளுக்குத் திரும்பவேண்டும். மேற்கேயுள்ள சில கிளைகள் மலையிறங்கிக் கடற்கரைக் குபனுக்கே போய்விடும். குளிர்காலத்தில் அங்கே சிறுமழை உண்டு.

ஆக, ஹபர் யூனிஸின் நிலம் எது, ஹபர் ஜெலோவின் நிலம் எது என்று கேட்டால் மேய்ப்பன் கிணற்றின் பெயரைத்தான் சொல்வான். உழைத்துத் தோண்டிய கிணறு தோண்டிய கிளைக்கு உரியது. புல் இறைவன் தந்தது. கோட்பாட்டளவில் அது எவருக்கும் பொது. நடைமுறையில் வலிமையுள்ளவன் முதலில் மேய்ப்பான் என்பதும், அதன் பொருட்டுச் சண்டையும் உயிரீடும் ஓயாமல் நடந்தன என்பதும் உண்மை. இதை ஏதோ பொற்காலப் பொதுவுடைமை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. ஹௌத்தில் இசாக்குகள் மட்டும் மேய்க்கவும் இல்லை. தெற்கே தாரோதின் ஒகாதேன் கிளையும் கிழக்கே துல்பஹந்தே கிளையும் அதே புல்லைத் தேடி வந்தன. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஹௌத் என்பது எல்லைப்புறம் ஆகாது. ஓகோவின் கிணறு இல்லாமல் ஹௌத்தின் புல்லால் பயனில்லை. ஹௌத்தின் புல் இல்லாமல் கிணற்றடியில் மந்தை பிழைக்காது.

*

வெளியுலகம் இவர்களை முதலில் அறிந்தது பெர்பெராச் சந்தையின் வழியாக. குளிர்காலத்தில் மட்டும் கூடிக் கலையும் துறைமுகச் சந்தை அது. உள்நாட்டு வணிகக்கூட்டங்கள் ஒட்டகத்தில் வந்திறங்க, அரேபியாவிலிருந்தும் குஜராத் கரையிலிருந்தும் பாய்மரக் கலங்கள் வந்து நிற்கும். அந்நிய வணிகன் ஒவ்வொருவனுக்கும் ‘அபான்’ என்ற உள்ளூர்க் காவல்தரகன் வேண்டும். அந்த உரிமைக்காக ஹபர் அவல் கிளையின் இரு பிரிவுகள் தமக்குள் அடித்துக்கொண்டன.

1855 ஏப்ரலில் பெர்பெராவில் முகாமிட்டிருந்த ரிச்சர்ட் பர்ட்டனின் குழு இரவில் தாக்கப்பட்டது. பர்ட்டனின் கன்னங்களை ஈட்டி ஊடுருவியது; ஸ்ட்ரோயன் என்ற அதிகாரி மாண்டார்; பின்னாளில் நைல் மூலம் தேடிப் புகழ்பெற்ற ஸ்பீக் பல காயங்களோடு தப்பினார். இவர்கள் அனைவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையினர். கம்பெனி பெர்பெராவை முற்றுகையிட்டு, 1856இல் ஹபர் அவலோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியத் தொடர்பு அத்தோடு முடியவில்லை. 1839இல் பிரிட்டிஷார் பிடித்த ஏடன் கோட்டைக்கு இறைச்சி பெர்பெராவிலிருந்தே போயிற்று. காப்பரசு 1898 வரை ஏடன் வழியாக இந்திய அரசின் பொறுப்பில் இருந்தது. நம் ரூபாயே 1941 வரை அங்கே செலாவணி.

எகிப்தியப் படைகள் 1880களின் நடுவில் அக்கரையைவிட்டு வெளியேறியபோது, ஏடனுக்கு ஆட்டிறைச்சி தடைப்படக்கூடாது என்ற கவலையில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒவ்வொரு கிளையோடும் தனித்தனியே ஒப்பந்தம் எழுதினார்கள். 1884 முதல் 1886 வரை இவை எழுதப்பட்டன. இவ்வொப்பந்தங்களின் வாசகம் கவனத்துக்குரியது. தங்கள் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டே இதைச் செய்துகொள்வதாகக் கிளைத் தலைவர்கள் சொல்கிறார்கள். தம் நிலத்தைப் பிரிட்டிஷ் அரசைத் தவிர வேறு எவருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ விட்டுக்கொடுக்கவோ மாட்டோம் என்று உறுதி தருகிறார்கள். நிலத்தைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டதாக எங்கும் இல்லை.

பதினோராண்டுகளில் நிலைமை மாறியது. 1896 மார்ச்சில் அத்வாவில் இத்தாலியப் படையை முறியடித்த எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக், ஹராரிலிருந்து கிழக்கே தம் அதிகாரத்தை விரித்துக்கொண்டிருந்தார். பிரிட்டனோ சூடானில் மஹ்திப் படைகளோடு போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மெனெலிக் மஹ்தியரோடு சேர்ந்துவிடக் கூடாது. ரென்னெல் ராட் என்ற தூதர் 1897 மே மாதம் மெனெலிக்கோடு உடன்படிக்கை செய்தார். ஜூன் மாதம் ஹராரில் ராஸ் மக்கொன்னெனோடு கடிதம் மாற்றி எல்லையை முடிவுசெய்தார். எல்லையின் ஒரு பெரும்பகுதி வடிவியல் கணக்கு: கிழக்குத் தீர்க்கம் 44, வடக்கு அட்சம் 9 சந்திக்கும் புள்ளியிலிருந்து, தீர்க்கம் 47, அட்சம் 8 சந்திக்கும் புள்ளிக்கு நேர்கோடு. அது ஹௌத்தின் மேல் விழுந்தது. இருபுறக் குலங்களும் மேய்ச்சலுக்கு வந்துபோகலாம் என்றொரு வாக்கியத்தைச் சேர்த்ததோடு ராட் தம் கடமையை முடித்துக்கொண்டார். நிலத்தை அந்நியருக்குக் கொடுக்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்களிடம் எவரும் இதைச் சொல்லவில்லை.

தரையில் குறியில்லாத கோடு யாருக்கும் தெரியாது. 1930களின் தொடக்கத்தில் இரு நாட்டு ஆணையம் தரையில் எல்லைக்குறி நாட்டிய பிறகே அது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆணையம் 1934 நவம்பரில் மேய்ச்சல் நிலங்களைப் பார்வையிட வால்வால் கிணறுகளுக்குப் போனபோதுதான் அங்கே இத்தாலியக் காவற்படை உட்கார்ந்திருப்பதைக் கண்டது. டிசம்பரில் அங்கு மூண்ட மோதலைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டு முசோலினி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தார். இரண்டாம் உலகப்போரின் முன்கதையில் ஒரு பக்கம் ஒட்டகம் நீர் குடிக்கும் கிணற்றடியில் எழுதப்பட்டிருக்கிறது.

சையித் முகமது அப்துல்லா ஹசனின் இருபதாண்டுப் போரை (1899–1920) இங்கே விரிக்கப் போவதில்லை; அது தனிக் கட்டுரைக்கு உரியது. இசாக்குகளில் பெரும்பாலோர் அவருக்கு எதிராக நின்றார்கள் என்பதும், அதற்காக அவருடைய வசைக் கவிதைக்கு இலக்கானார்கள் என்பதும் இங்கே போதும். பிரிட்டிஷார் 1910 அளவில் உள்நாட்டைக் கைவிட்டுக் கடற்கரைக்குப் பின்வாங்கியபோது, ஆயுதம் பெற்ற குலங்கள் ஒன்றையொன்று சூறையாடிய காலத்தைச் சோமாலியர் தீட்டைத் தின்ற காலம் என்ற பொருளில் பெயரிட்டு அழைக்கிறார்கள்.

அரப் கிளையின் போர்வீரரும் கவிஞருமான பரா நூர் இக்காலத்தவர். தம் சிறு கிளை ஐதகல்லேக்கு அடங்கிக்கிடந்த நிலையைப் பொறுத்தது போதும் என்று பாடியவர். அந்நியர்கள் தம் மண்ணைப் பங்கிட்டுக்கொள்வதையும் பாடினார். சோமாலிச் செய்யுளில் தமிழாசிரியன் ஒருவனை நிமிர்ந்து உட்காரவைக்கும் செய்தி ஒன்றுண்டு. மோனைதான் அதன் உயிர். அதுவும் அடிக்கு அடி மாறும் மோனை அல்ல. முதலடியில் எடுத்த எழுத்தே நூறு அடியானாலும் ஒவ்வோர் அடியிலும் வரவேண்டும். 1972 வரை சோமாலி மொழிக்கு அரசேற்ற எழுத்துமுறை கிடையாது. ஆகவே ஒப்பந்தங்கள் அந்நிய மொழித் தாளில் இருந்தன. அவற்றுக்கான மறுப்பு மோனையின் துணையோடு நினைவில் இருந்தது.

*

இத்தாலியரை 1941இல் விரட்டிய பிரிட்டன், ஜிபூத்தி நீங்கலாகச் சோமாலியர் வாழும் ஏறத்தாழ எல்லா நிலத்தையும் இராணுவ நிர்வாகத்தின்கீழ் வைத்திருந்தது. ஹௌத் மீண்டும் ஒரே கையில் இருந்த அந்தச் சில ஆண்டுகள்தாம் சோமாலி நாட்டுணர்வு வேர்விட்ட காலம். பிறகு ஒவ்வொரு பகுதியாக எத்தியோப்பியாவிடம் போயிற்று. 1954 உடன்படிக்கையோடு ஹௌத்தும் போனது. 1955 பிப்ரவரி இறுதியில் ஒப்படைப்பு முடிந்தது.

காப்பரசின் ஊர்களில் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. குலச்சண்டையில் ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் ஒரே பந்தலில் கூடினார்கள். தேசிய ஐக்கிய முன்னணி என்ற அமைப்பு பிறந்தது. அதன் முன்னோடி மைக்கேல் மரியானோ, ஹபர் ஜெலோ கிளையில் பிறந்த கிறித்தவர். முற்றிலும் இசுலாமியச் சமூகம் ஒன்று தன் வழக்கை ஒரு கிறித்தவர் கையில் கொடுத்தது. கொடிவழியில் இடம் இருந்தால் மதம்கூட இரண்டாவதுதான் போலும். மரியானோவும் இசாக் சுல்தான் அப்தில்லாஹி தெரியாவும் அடங்கிய தூதுக்குழு இலண்டன் சென்றது. எங்கள் பாட்டனார்கள் 1880களில் நிலத்தைத் தரவில்லை, தராத நிலத்தைப் பிறருக்குத் தர உங்களுக்கு ஏது உரிமை என்பது வாதத்தின் சாரம். குடியேற்ற நாட்டு அமைச்சர் லெனாக்ஸ்-பாய்ட் நாடாளுமன்றத்தில் 1897 ஒப்பந்தத்துக்காக வருந்துவதாகவும், நடந்ததை இனி மாற்ற இயலாது என்றும் சொன்னார். 1956இல் ஹௌத்தைத் திரும்ப விலைக்கு வாங்கவும் பிரிட்டன் முயன்று பார்த்தது. எத்தியோப்பியா விற்கவில்லை.

இந்தக் கசப்பே 1960ஐத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் சோமாலிலாந்து விடுதலை பெற்றது. ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, தெற்கே இத்தாலியப் பகுதியோடு இணைந்தது. நிபந்தனை பேசித் தெளிவாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளக்கூட வடக்கர்கள் பொறுமை காட்டவில்லை. சோமாலியர் எல்லோரும் ஒரே நாடானால்தான் ஹௌத் திரும்பும் என்ற நம்பிக்கை அந்த அவசரத்தில் பெரும்பங்கு வகித்தது. அதற்கு முன்பாகவே எத்தியோப்பியா, இணைப்பு நடந்தால் 1897இன் மேய்ச்சல் உரிமை செல்லாது என்று அறிவித்துவிட்டது.

தலைநகர் மொகதிஷு; பிரதமர் பதவி தெற்கருக்கு. 1961 ஜூனில் அரசியல் சட்ட வாக்கெடுப்பை வடக்கு நிராகரித்தது. டிசம்பரில் ஹர்கெய்சாவில் இளம் அதிகாரிகள் சிலர் பிரிவினைக்கு முயன்று தோற்றார்கள். 1969 அக்டோபரில் சியாத் பாரே ஆட்சியைப் பிடித்துக் குலப்பேச்சையே தடைசெய்தார். குலவெறியின் உருவபொம்மைகளைப் புதைக்கவும் எரிக்கவும் ஊர்வலங்கள் நடந்தன. குலத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட படித்தவர்கள் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில முன்னொட்டைச் சேர்த்து ‘முன்னாள் குலம்’ எது என்று விசாரித்துக்கொண்டார்கள் என லூயிஸ் எழுதுகிறார். நமக்கும் இந்தக் கலை தெரியாததல்ல. அதே வேளையில் பாரே தம் உறவுக் குலங்களால் ஆட்சியை நிரப்பினார். 1979–80இல் காரியே என்ற கவிஞர் ‘த’கர ஒலியில் மோனை வைத்துக் குலவெறியைக் கண்டித்துத் தொடங்கிய பாட்டுக்குக் கவிஞர்கள் ஒவ்வொருவராக அதே மோனையில் எதிர்ப்பாட்டும் துணைப்பாட்டும் கட்ட, ‘தேல்லே’ என்ற நீண்ட சங்கிலி உருவாயிற்று. ஒலிநாடாக்களில் அது நாடெங்கும் பரவியது.

ஒகாதேனை மீட்கப் பாரே 1977இல் தொடங்கிய போர் 1978இல் தோல்வியில் முடிந்தது. அங்கிருந்து வந்த அகதிகளை, பெரும்பாலும் ஒகாதேன் கிளையினரை, இசாக் நிலத்தில் குடியமர்த்தி, சிலருக்கு ஆயுதமும் கொடுத்தது அரசு. 1981 ஏப்ரலில் இலண்டனில் சோமாலித் தேசிய இயக்கம் தோன்றியது; உறுப்பினரில் பெரும்பாலோர் இசாக்குகள். அது தளம் அமைத்தது எத்தியோப்பியாவில். புராவோ அருகே மேய்ப்பர் குடும்பத்தில் பிறந்து ஏடனில் வளர்ந்த கவிஞர் ஹத்ராவி, ஐந்தாண்டுச் சிறைக்குப் பிறகு 1982இல் அவ்வியக்கத்தில் சேர்ந்தார்.

1988 ஏப்ரலில் பாரேயும் எத்தியோப்பியாவின் மெங்கிஸ்துவும் ஒருவர் எதிரிக்கு மற்றவர் இடம் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இடம் இழந்த இயக்கம் எல்லையைத் தாண்டி மே 27 அன்று புராவோவையும் மே 31 அன்று ஹர்கெய்சாவையும் தாக்கியது. அரசின் பதிலடி இயக்கத்தோடு நிற்கவில்லை. குலத்தின் மேல் விழுந்தது. ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்து எழும்பிய விமானங்கள் ஹர்கெய்சாவின் மேலேயே குண்டு போட்டன. ஊர் பெரும்பாலும் தரைமட்டமானது. மனித உரிமை அமைப்பான ஆப்பிரிக்கா வாட்ச் 1990இல் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்ட குடிமக்களை 50,000 முதல் 60,000 வரை என மதிப்பிட்டது. நீர்த்தேக்கங்கள் அழிக்கப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளது. கிணற்றை அழிப்பது அந்நிலத்தில் என்ன பொருள்படும் என்பதை மேலே சொன்ன பருவக் கணக்கைக் கொண்டு வாசகர்களே உணரலாம்.

உயிர் தப்பியவர்கள் கால்நடையாகத் தெற்கும் மேற்குமாக நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஹௌத். எல்லைக்கு அப்பால் ஹர்திஷேக் என்ற இடத்தில் எழுந்த முகாம், உச்சத்தில் இரண்டரை இலட்சம் பேரைத் தாங்கி, உலகின் மிகப் பெரிய அகதி முகாம் எனப்பட்டது. அது மூடப்பட்டது 2004இல்தான். 1955இல் எந்த நிலம் பறிபோயிற்று என்று இலண்டன்வரை சென்று முறையிட்டார்களோ, அந்நிலம் எதிரி நாட்டுக்குள் இருந்ததால்தான் அடைக்கலமாயிற்று. அது சோமாலியாவுக்குள் இருந்திருந்தால் இவர்கள் ஓடுவதற்கு இடம் இருந்திருக்காது. இதை எழுதும்போது எனக்கே ஒரு சங்கடம் உண்டாகிறது; ராட் போட்ட கோட்டுக்கு நியாயம் கற்பிப்பது போலாகிவிடுமோ என்று. நியாயம் அல்ல, நடந்தது இது.

*

1991 ஜனவரியில் பாரே ஓடினார். மே 18 அன்று புராவோவில் கூடிய குலமாநாடு 1960 இணைப்பை இரத்துசெய்து சோமாலிலாந்து தனி நாடு என்று அறிவித்தது. 1993இல் போராமாவில் மாதக்கணக்கில் மரத்தடிப் பேச்சு நடத்திக் குலமுதியோர் அவையை நாடாளுமன்றத்தின் ஒரு சபையாக்கினார்கள். உயிரீடு பேசிப் பழகிய முதியவர்கள் ஓர் அரசை உருவாக்கிய கதை அது. உலக நாடுகளில் பெரும்பாலானவை இன்றும் அதை ஏற்கவில்லை.

ஏற்பு வேண்டி அவர்கள் வைக்கும் வாதம் என்ன? நாங்கள் புதிதாக எல்லை கேட்கவில்லை, 1960 ஜூன் 26 அன்று இருந்த எல்லையைத்தான் கேட்கிறோம் என்பது. அதாவது தென்மேற்கில் 1897இல் ராட் போட்ட கோடு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964இல் கெய்ரோவில் காலனிய எல்லைகளே நிலைக்கட்டும் என்று தீர்மானித்தபோது, ஹௌத்தையும் ஒகாதேனையும் மனத்தில் வைத்து ஏற்க மறுத்த நாடு சோமாலியா. அந்தத் தீர்மானத்தையே இன்று ஹர்கெய்சா தன் சான்றாக நீட்டுகிறது. ஹௌத்தைத் திரும்பக் கேட்டால் இந்த வாதம் இடிந்துவிடும். ஆகவே கேட்பதில்லை.

அதே கோடுகள் கிழக்கில் வேறொரு கணக்கை எழுப்பின. சூல், சனாக் பகுதிகளில் தாரோதின் துல்பஹந்தே, வர்சங்கலி கிளைகள் பழமையாக வாழ்கின்றன. துல்பஹந்தேயோடு பிரிட்டன் 1880களில் ஒப்பந்தமே எழுதவில்லை; ஆயினும் அவர்கள் நிலம் காப்பரசுக்குள் அடைக்கப்பட்டது. இசாக்குகள் பெரும்பான்மையாக உள்ள தனி நாட்டில் இருக்க அவர்களில் பெரும்பாலோருக்கு மனமில்லை. 2023 பிப்ரவரியில் லாஸ் ஆனோத் நகரில் மூண்ட போர், அவ்வாண்டு ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை தன் முக்கியத் தளத்தை இழந்து பின்வாங்கும்வரை நீடித்தது. நகரின் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். எங்களைக் கேட்காமல் போட்ட கோடு எங்களைக் கட்டாது என்று துல்பஹந்தேயார் சொல்வதும், 1955இல் இசாக் தூதுக்குழு இலண்டனில் சொன்னதும் ஒரே வாதம். ஹர்கெய்சாவில் இதை வெளிப்படையாகச் சொல்வது எளிதல்ல என்பது வேறு விஷயம்.

ஹௌத்தும் பழைய ஹௌத்தாக இல்லை. 1950களிலிருந்து சிமெண்ட் பூசிய ‘பெர்கத்’ என்னும் நிலத்தடித் தொட்டிகள் அங்கே பரவின. லாரன்சின் கணவர் வெட்டிய குளம் பொதுவானது. பெர்கத் கட்டியவனுக்குச் சொந்தம், நீர் விலைக்கு. தண்ணீர் நின்றதும் கடை வந்தது, கடையைச் சுற்றி ஊர் வந்தது, ஊரைச் சுற்றி முள்வேலி வந்தது. கிணறு இல்லாததால் எவருக்கும் உரியதாகாமல் கிடந்த நிலத்தில் இப்போது ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கிளையின் பெயர் இருக்கிறது. புல்லுக்கு நடந்த சண்டை இப்போது தொட்டிக்கு நடக்கிறது.

ஹௌத்தில் மேய்ந்த ஆடும் ஒட்டகமும் இன்றும் எல்லை தாண்டிப் பெர்பெராவில்தான் கப்பலேறுகின்றன. ஹஜ் பருவத்தில் மிகுதியாக. மழை விழுந்ததாகச் செய்தி வந்தால் மந்தையை நகர்த்துமுன் ஒருவனை முன்னே அனுப்பிப் பார்ப்பது வழக்கம். ‘சஹன்’ என்று அதற்குப் பெயர். முன்பு அவன் நடந்து போய்த் திரும்ப நாட்கள் ஆகும். இப்போது கைப்பேசியில் கேட்டுவிடுகிறார்கள். எந்தப் பக்கம் மழை, புல் எந்த அளவு, முன்னால் வந்து இறங்கியிருப்பது எந்தக் கிளை என்பவைதாம் கேள்விகள்.